பிணவறை மேசை முதல் சாட்சிக் கூண்டு வரை: வாசகர் கேள்வி – பதில்

போஸ்ட்மார்ட்டம் செய்யும் மருத்துவராவது பற்றியும் அந்த வேலையின் நெளிவு சுளிவுகள் பற்றியும் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். சட்டம் சார்ந்த மருத்துவத் துறையில் பணியாற்றும் மருத்துவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

*பிளஸ் டூ மாணவி, தக்கலை: அமெரிக்கத் தொடர்களில் 'மெடிக்கல் எக்ஸாமினர்' என்று ஒருவர் வந்து, உடலைப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்கிறார். அந்த வேலைக்குப் போக எனக்கு மிகவும் ஆசை. நம் ஊரில் அப்படி ஒரு வேலை உண்டா? என்ன படிக்க வேண்டும்?*

அந்தப் பெயரில் இந்தியாவில் ஒரு பதவி கிடையாது. நியூயார்க் நகரம் 1918-ல் தொடங்கி நடத்திவரும் முறையில், எந்தச் சாவை விசாரிப்பது என்பதையும், அது இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்பதையும் மெடிக்கல் எக்ஸாமினரே எழுதிக் கையெழுத்திடுகிறார். நம் நாட்டில் இந்த அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. சந்தேகச் சாவு என்று தகவல் வந்தால், உடல் கிடக்கும் இடத்துக்குக் காவல் நிலைய அதிகாரி போய், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் முன்னிலையில் இன்குவெஸ்ட் (பிரேத விசாரணை) நடத்தி அறிக்கை எழுதுவார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ம் பிரிவு இதைச் சொல்கிறது. திருமணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. நம் மாவட்டத்தில் அது நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் கோட்டம். காவலில் இறந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் வர வேண்டும். மருத்துவரிடம் உடல் வந்து சேர்வது இவர்கள் எழுத்தில் கேட்ட பிறகுதான்.

மருத்துவர் சொல்ல வேண்டியவை: சாவுக்குக் காரணம் என்ன, என்னென்ன காயங்கள், அவை உயிரோடு இருக்கும்போது ஏற்பட்டவையா, எந்த வகை ஆயுதத்தால் ஆகியிருக்கும், இறந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். 'இவர்தான் செய்தார்' என்பதும் 'இது கொலை' என்பதும் நீதிமன்றத்தின் வேலை. தொடரைப் பார்த்துத் துப்பறியும் ஆசையில் வருகிறவர்கள் இந்த எல்லையை முதலிலேயே தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது. உடலில் உள்ளதைச் சரியாகப் பார்த்து, பார்த்ததைத் தப்பில்லாமல் எழுதி, எழுதியதை நீதிமன்றத்தில் நின்று சொல்வதுதான் இந்த வேலை. இது சின்ன வேலை அல்ல. பல வழக்குகளில் இறந்தவரின் பக்கம் பேசுவதற்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு காகிதம்தான்.

படிப்பு: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல். பிறகு நீட் எழுதி எம்.பி.பி.எஸ். வகுப்பு நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. எழுதி, எம்.டி. சட்டம் சார்ந்த மருத்துவம் மூன்று வருடம். ஆக, பிளஸ் டூவுக்குப் பிறகு எட்டரை வருடம். இடையில் நுழைவுத் தேர்வுக்காக ஒரு வருடம் போனால் ஒன்பதரை. நம் மாவட்டத்திலேயே ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். சேர்ந்த பிறகு இந்தப் பாடம் எல்லோருக்கும் உண்டு. பிடிக்கிறதா இல்லையா என்று அப்போது முடிவு செய்தால் போதும். இப்போது நீட் மதிப்பெண்ணைப் பாருங்கள்.

*ஒரு தந்தை, கருங்கல்: மகளை பி.எஸ்சி. ஃபாரன்சிக் சயின்ஸ் சேர்த்தால் மூன்றே வருடத்தில் போஸ்ட்மார்ட்டம் செய்யும் வேலை கிடைக்கும் என்கிறார் ஒரு அட்மிஷன் ஏஜென்ட். நம்பலாமா?*

நம்ப வேண்டாம். பதிவு பெற்ற மருத்துவரைத் தவிர வேறு யாரும் பிரேதப் பரிசோதனை செய்ய முடியாது. எம்.எஸ்சி., பிஎச்.டி. வரை படித்தாலும் இதுதான் நிலை.

தடய அறிவியல் என்பது வேறு படிப்பு, வேறு வேலை. ரத்தக்கறை, டி.என்.ஏ., விஷம், துப்பாக்கித் தோட்டா, போலிக் கையெழுத்து இவற்றைப் பரிசோதனைக் கூடத்தில் ஆராய்வது அது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமையகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. நமக்குப் பக்கத்து வட்டார ஆய்வகம் திருநெல்வேலி. இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக ஆள் எடுக்கிறார்கள். அந்தந்த அறிவிப்பில் எந்தெந்தப் பட்டம் தகுதி என்று போட்டிருக்கும். கல்லூரியில் பணம் கட்டும் முன் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, சேரப்போகும் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். வேதியியலோ உயிரியலோ முக்கியப் பாடமாகப் படித்துவிட்டு, பிறகு இந்தத் துறைக்குத் திரும்புவது பல நேரம் பாதுகாப்பான வழி.

*பயிற்சி மருத்துவர், நாகர்கோவில்: என் ரேங்குக்கு மெடிசின், சர்ஜரி கிடைக்காது. ஃபாரன்சிக் மெடிசின் (சட்டம் சார்ந்த மருத்துவம்) கிடைக்கும் போலிருக்கிறது. எடுக்கலாமா? கிளினிக் வைக்க முடியாதே என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள்.*

வீட்டார் சொல்வதில் ஒரு பகுதி சரி. இந்தத் துறைக்கென்று தனியார் பிராக்டிஸ் கிடையாது. சாயங்காலம் மார்த்தாண்டத்தில் போர்டு மாட்டி உட்கார முடியாது. சம்பளம்தான் வருமானம். அரசு உதவி மருத்துவர் பணிக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. 50-க்கு 20 எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கேரளத்தில் படித்து வருகிறவர்கள் இதை லேசாக நினைத்துவிடுகிறார்கள். எம்.டி. முடித்தவர்களுக்கு அரசு, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் பணி இருக்கிறது. எல்லா மருத்துவக் கல்லூரியிலும் இந்தத் துறை இருந்தாக வேண்டும் என்பதால் வேலையில்லாமல் நிற்பது அபூர்வம்.

மூன்று வருடத்தில் பிணவறை மட்டும் அல்ல. விபத்து, அடிதடியில் வந்தவரின் காயச் சான்று, வயது நிர்ணயம், குடிபோதைச் சான்று, பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிப்பது எல்லாம் இந்தத் துறையின் வேலைதான். உயிரோடு இருக்கிறவர்களுக்கான பகுதியை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். 'இரு விரல் சோதனை' (பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மறுபடி கண்டித்துச் சொன்னது. இதைப் போன்றவற்றை மற்றத் துறை மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் உங்களிடம் வரும். ஆய்வேடு, லாக் புக், தடய ஆய்வகப் பயிற்சி, நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனிப்பது, மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் இவையும் பாடத்திட்டத்தில் அடங்கும்.

எங்கள் கருத்து: கிடைக்காததற்குப் பதிலாக எடுப்பதாக இருந்தால் யோசியுங்கள். அக்கறை இல்லாதவர் எழுதும் அறிக்கை ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தையே தடுத்துவிடும். எழுத்தில் நிதானம், வாதத்தில் பொறுமை, கண்ணில் கூர்மை இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால், தயங்காமல் சேருங்கள். அரசுப் பணியில் சேர்ந்துவிட்டுப் படிக்க நினைப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. முடித்த பிறகு அரசுப் பணி செய்ய வேண்டிய பாண்ட் எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்பதை அந்த வருடத்துப் பிராஸ்பெக்டஸில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

*உதவி மருத்துவர், தாலுகா மருத்துவமனை, விளவங்கோடு வட்டம்: நான் எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவன். டூட்டி நாளில் போஸ்ட்மார்ட்டமும் நான்தான் செய்ய வேண்டியிருக்கிறது. சம்மன் வந்தாலே கை நடுங்குகிறது. எங்கெங்கே தப்பு நேர்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.*

இந்தக் கடிதத்துக்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டும். மாவட்டத்தில் நிறைய உடல்களைப் பார்ப்பது உங்களைப் போன்றவர்கள்தான்.

கத்தியை எடுக்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். போலீசின் வேண்டுகோள் கடிதம், இன்குவெஸ்ட் அறிக்கை, ஏற்கெனவே சிகிச்சை பெற்றிருந்தால் அந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, கேஸ் ஷீட் எல்லாம் வந்திருக்கின்றனவா? உடலை அடையாளம் காட்டிய காவலரின் பெயரும் எண்ணும் எழுதியாயிற்றா? கடிதம் வந்த நேரத்தையும் பரிசோதனை தொடங்கிய நேரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டுக்கும் இடையில் அஞ்சு மணி நேரம் இருந்தால் ஏன் என்று கோர்ட்டில் கேட்பார்கள். காரணத்தையும் அன்றைக்கே ஒரு வரி எழுதி வையுங்கள்.

அடுத்தது உடை. அவசரத்தில் பிணவறை உதவியாளர் துணியைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார். உடலில் குத்து இருக்கும் இடத்துக்கு நேரே சட்டையிலும் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், பிறகு அதைப் பார்க்கவே முடியாது. ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து ரத்தக்கறை கெட்டுப்போகும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள்.

காயத்தை எழுதுவதில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். 'தலையில் காயம்' என்பது எழுத்தே அல்ல. காயத்தின் வகை, நீளம் அகலம் ஆழம் சென்டிமீட்டரில், அசையாத எலும்பு அடையாளம் ஒன்றிலிருந்து தூரம், ஓரங்கள், நிறம் என்று இத்தனையும் வேண்டும். உதாரணம்: 'இடது புருவ எலும்புக்கு 3 செ.மீ. மேலே, நடுக்கோட்டிலிருந்து 4 செ.மீ. இடப்புறம், 5 × 1 செ.மீ., எலும்பு வரை ஆழமான கிழிந்த காயம்; ஓரங்கள் ஒழுங்கற்றவை, கன்றியவை.' மண்டையில் தோலுக்கு நேர் கீழே எலும்பு இருப்பதால் கம்பால் அடித்த காயம்கூட அரிவாள் வெட்டு மாதிரி நேராகப் பிளந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். குறுக்கே மெல்லிய திசு இழைகள் அறுபடாமல் நின்றால், முடி வேர்கள் நசுங்கியிருந்தால், அது கிழிந்த காயம். முடி நேராக வெட்டுப்பட்டிருந்தால் வெட்டுக்காயம். இதை மாற்றி எழுதினால், சாட்சி 'கம்பால் அடித்தார்' என்கிறபோது உங்கள் அறிக்கை 'வெட்டு' என்று நிற்கும். அந்த ஒரு வார்த்தையில் வழக்கு உடையும்.

கழுத்து இறுக்கப்பட்டதாகச் சந்தேகம் வந்தால், கழுத்தில் கை வைக்கும் முன் மண்டையையும் மார்பையும் திறந்துவிடுங்கள். ரத்தம் வடிந்தபின் கழுத்துத் தசைகளை அடுக்கடுக்காகப் பிரிக்கலாம். முதலில் கழுத்தைத் திறந்தால் கசியும் ரத்தம் தசைக்குள் பரவி, இல்லாத காயத்தை இருப்பதுபோல் காட்டும். கயிற்றின் முடிச்சை அவிழ்க்கவோ வெட்டவோ கூடாது. முடிச்சுக்கு எதிர்ப்புறம் வெட்டி, வெட்டிய இரண்டு முனையையும் நூலால் கட்டி அப்படியே ஒப்படையுங்கள்.

இறந்த நேரம் பற்றிக் குறிப்பாக ஒன்று. நம் ஊரில் போலீஸ் வருவதற்குள் உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துவிடும் வழக்கம் வந்துவிட்டது. குளிரில் வைத்த உடலில் விறைப்பும் அழுகலும் தாமதமாகும். வெளியே, நம் வெக்கைக்கு, இரண்டும் வேகமாகவே நடக்கும். பெட்டியில் வைத்திருந்தார்களா, எத்தனை மணிக்கு வைத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று கேட்டு எழுதாமல் '12 முதல் 18 மணி நேரம்' என்று போட்டுவிட்டால், குறுக்கு விசாரணையில் பதில் இருக்காது.

சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் 'இதயமும் மூச்சும் நின்றதால்' என்று எழுதாதீர்கள். எல்லாச் சாவிலும் அவை நிற்கும். ஏன் நின்றன என்பதுதான் கேள்வி. தெரியாவிட்டால், ரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை இறுதிக் கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதுவதே நேர்மை.

கோர்ட்டுக்குப் போகும் முந்தின நாள் அறிக்கையை மூன்று முறை படியுங்கள். சாட்சிக் கூண்டில் அறிக்கையைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ள அனுமதி உண்டு. 'இந்தக் காயம் கீழே விழுந்தாலும் ஏற்படலாமா?' என்பது குழித்துறையிலும் இரணியலிலும் எங்கும் கேட்கப்படும் கேள்வி. ஏற்படலாம் என்றால் 'ஏற்படலாம்' என்றே சொல்லுங்கள். அதோடு, உடலில் மற்ற இடங்களில் உள்ள காயங்களோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துமா பொருந்தாதா என்பதையும் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக எந்த நீதிபதியும் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டார்.

*செவிலியர், குலசேகரம்: எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்து, உள்ளுறுப்புகளை ஆய்வுக்கு அனுப்பினார்கள். 'விஷம் இல்லை' என்று முடிவு வந்தது. அப்படியானால் விஷம் குடிக்கவில்லை என்று அர்த்தமா?*

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. உயிரோடு பல நாள் சிகிச்சையில் இருந்திருந்தால் விஷம் உடலைவிட்டு வெளியேறியிருக்கும். மாதிரி சரியாக எடுக்கப்படாமல் போயிருக்கலாம். எதைத் தேட வேண்டும் என்று கடிதத்தில் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆகவே ஆய்வக முடிவு, கேஸ் ஷீட், உடலில் கண்ட மாற்றங்கள் மூன்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் இறுதிக் கருத்து தருவார்.

மாதிரி எடுப்பது இப்படி: இரைப்பையும் அதில் உள்ளதும், சிறுகுடலின் மேல் பகுதி சுமார் 30 செ.மீ. உள்ளடக்கத்தோடு ஒரு ஜாடியில். கல்லீரல் 200 முதல் 300 கிராம், இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப்பாதி இன்னொரு ஜாடியில். ரத்தமும் சிறுநீரும் தனித்தனியாக. ரத்தத்தைத் தொடையின் பெரிய ரத்தக் குழாயிலிருந்து எடுக்க வேண்டும். நெஞ்சுக்குள் தேங்கியதை அள்ளினால் இரைப்பையிலிருந்து கசிந்ததும் கலந்து அளவு தப்பாக வரும். பதப்படுத்த, உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த உப்பு நீர். ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் வாயு சேர்ந்து மூடி தெறித்துவிடும். அதே உப்பு நீரில் கொஞ்சம் தனி பாட்டிலில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 'அந்த உப்பு நீரிலேயே ஏதாவது கலந்திருந்தால்?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

பலரும் செய்யும் பெரிய தப்பு, ஃபார்மலினில் போடுவது. திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கு 10 சதவீத ஃபார்மலின் சரி. விஷம் தேடுவதற்கு அது கூடவே கூடாது. சாராயம், மண்ணெண்ணெய், பினாயில் என்று சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட்டும் கூடாது. உங்கள் பக்கம் ரப்பர் பால் உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் ஆசிட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த ஆசிட்டைக் குடித்தவரின் வாயோரம், கன்னம், நெஞ்சில் வழிந்த தடம் வெந்துபோயிருக்கும். அதை அளந்து எழுதியிருந்தால் ஆய்வக முடிவு எப்படி வந்தாலும் கருத்துச் சொல்ல முடியும். அரளி, ஒதளங்காய் போன்ற தாவர விஷம் என்று வீட்டார் சொன்னால், அதைக் கடிதத்தில் பெயர் சொல்லி எழுதி, இரைப்பையில் கிடக்கும் விதைத் துண்டுகளையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

*மீனவர் குடும்பத்து இளைஞர், குளச்சல்: கடலில் மிதந்து வரும் உடலைப் பார்த்து, மூழ்கி இறந்ததா, இறந்த பிறகு கடலில் போட்டதா என்று சொல்ல முடியுமா? மீன் கடித்ததையும் காயம் என்று எழுதிவிட மாட்டார்களா?*

உடல் புதிதாக இருந்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மூக்கிலும் வாயிலும் வெள்ளையாக, நுண்ணிய, பிசுபிசுப்பான நுரை நிற்கும். துடைத்தாலும் நெஞ்சை அமுக்கினால் மறுபடி வரும். நுரையீரல் உப்பி, விலா எலும்பின் தடம் அதன் மேல் பதிந்திருக்கும். மூச்சுக்குழலின் கிளைகளில் மணலோ பாசியோ இருக்கலாம். மூடிய கைக்குள் பாசி அல்லது வலை நூலை இறுகப் பிடித்திருந்தால், தண்ணீரில் விழும்போது உயிர் இருந்தது என்பதற்கு அது நல்ல அடையாளம். உள்ளங்கை, உள்ளங்கால் வெளுத்துச் சுருங்குவதை மட்டும் நம்பக் கூடாது. செத்த உடலைத் தண்ணீரில் போட்டாலும் அது வரும்.

மூன்று நாலு நாள் கடந்து அழுகிவிட்டால் இந்த அடையாளங்கள் போய்விடும். அப்போது டயாட்டம் சோதனை. டயாட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத, சிலிக்கா ஓடு உள்ள நீர்ப்பாசி. உயிரோடு மூழ்கினால் மூச்சில் ஏறி ரத்தம் வழியாகத் தொடை எலும்பின் மஜ்ஜை வரை போய்ச்சேரும். மஜ்ஜையை ஆசிட்டில் கரைத்து, மிஞ்சும் ஓடுகளைப் பார்ப்பார்கள். இரண்டு இடத்தில் இந்தச் சோதனை வீணாகும். உடல் கிடைத்த இடத்துத் தண்ணீரை மாதிரிக்கு எடுக்காமல் விட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. எலும்பையோ கருவியையோ குழாய்த் தண்ணீரில் கழுவினால் அந்தத் தண்ணீரின் டயாட்டமே கலந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில்தான் கழுவ வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்தச் சோதனை துணைச் சான்றுதான்.

மீன், நண்டு கடிப்பது பெரும்பாலும் உதடு, இமை, காது, விரல் நுனி போன்ற மெல்லிய இடங்களில். ஓரம் அரித்த மாதிரி இருக்கும், திசுவுக்குள் ரத்தம் பரவியிருக்காது. இறந்தபின் பாறையில் உரசியதும் அப்படியே. உயிரோடு இருக்கும்போது பட்ட அடியில் தோலுக்கு அடியில் ரத்தம் பரவி, கழுவினாலும் போகாமல் நிற்கும். சந்தேகமானால் அந்த இடத்தை வெட்டிப் பார்த்து, ஒரு துண்டை மைக்ரோஸ்கோப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபின், நாள் கழித்துக் கரை சேர்ந்த உடல்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாமல் டி.என்.ஏ. வரை போக வேண்டியிருந்தது உங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட உடலில் கடைவாய்ப் பல் அல்லது தொடை எலும்புத் துண்டை எடுக்க வேண்டும், ஃபார்மலினில் போடாமல். ஒப்பிட, பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தம் வேண்டும். அண்ணன் தம்பி ரத்தத்தைவிட அது தெளிவாகச் சொல்லும். பச்சை குத்தியது, பழைய ஆபரேஷன் தழும்பு, எலும்பில் வைத்த பிளேட், கட்டிய பல் இவற்றைக் குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் வேலை பாதி முடியும்.

*தோவாளை வாசகர்: ராத்திரியில் போஸ்ட்மார்ட்டம் செய்ய மாட்டார்களா?*

போதிய வெளிச்சமும் வசதியும் உள்ள மருத்துவமனையில் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேகச் சாவு ஆகியவற்றுக்கு அந்த அனுமதி கிடையாது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வந்தால் ஒழிய. கன்றிய காயத்தின் நிறம் மின்விளக்கில் மாறித் தெரியும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானது.

*இல்லத்தரசி, இரணியல்: வளைகுடாவில் இறந்த உறவினரின் உடல் திருவனந்தபுரம் விமானத்தில் வருகிறது. சாவில் சந்தேகம் இருக்கிறது. இங்கே மறுபடி பரிசோதிக்க முடியுமா?*

முடியும். ஆனால் அடக்கம் செய்யும் முன் கேட்க வேண்டும். சந்தேகத்துக்கான காரணத்தை எழுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். குடும்பத்தார் நேராக மருத்துவமனைக்குப் போய்க் கேட்டால் செய்ய மாட்டார்கள், போலீஸ் வேண்டுகோள் வேண்டும். அங்கே பரிசோதனை நடந்ததா, நடந்திருந்தால் அந்த அறிக்கை, எம்பாமிங் (உடலைக் கெடாமல் பதப்படுத்துவது) சான்று, இறப்புச் சான்று இவற்றின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். எம்பாமிங்குக்கு ஃபார்மலின் ஏற்றிய உடலில் விஷம் தேடுவது மிகவும் கடினம். எலும்பு முறிவு, மண்டைக்குள் ரத்தக்கட்டு, ஆழமான காயம், கழுத்து எலும்பு முறிவு இவை அப்படியே இருக்கும். எம்பாமிங் செய்தவர் போட்ட துளைகளும் தையலும் காயம் மாதிரித் தெரியும் என்பதால் எங்கெங்கே திறந்தார்கள் என்ற குறிப்பு பரிசோதிப்பவருக்கு மிகவும் உதவும்.

*பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பெண் மருத்துவர், மார்த்தாண்டம்: பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா? நாற்றம், நோய்த்தொற்று பற்றித்தான் அம்மா பயப்படுகிறார்.*

பெண் மருத்துவர்கள் இந்தத் துறைக்கு மிகவும் தேவை. போக்சோ சட்டப்படி பாதிக்கப்பட்ட சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நாற்றம் சில வாரத்தில் பழகிவிடும். தைலம் தடவிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். மண்ணெண்ணெய், சாராயம், பூச்சிமருந்து வாடையும் ஒரு சான்றுதான். அதை மூக்கு இழந்துவிடக் கூடாது.

அம்மாவின் பயத்துக்குப் பதில்: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை போட்டு, பிறகு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 10 mIU/ml-க்கு மேல் வந்ததா என்று பாருங்கள். இரண்டு ரப்பர் கையுறைக்கு நடுவே வெட்டுப்படாத கையுறை ஒன்று. மண்டை ஓட்டை அறுக்கும்போது தூள் பறக்கும் என்பதால் என்-95 முகக்கவசம், கண் கவசம். காசநோய் பரவுவது பெரும்பாலும் காற்றில்தான். ஊசி, கத்தி கீறிவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்தில் தொடங்கினால் இன்னும் நல்லது.

*எம்.பி.பி.எஸ். மாணவர், குழித்துறை: இங்கே எம்.டி. முடித்தால் அமெரிக்காவில் மெடிக்கல் எக்ஸாமினர் ஆகலாமா?*

நேரடியாக முடியாது. அங்கே இந்தத் துறை பேத்தாலஜியின் (நோய்க்குறியியல்) கிளை. யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள், பிறகு பேத்தாலஜி ரெசிடென்சி மூன்று அல்லது நான்கு வருடம், அதன்மேல் ஃபாரன்சிக் பேத்தாலஜி ஒரு வருடம். நம் எம்.டி.யின் மூன்று வருடத்தை அதில் கழித்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே போவதுதான் நோக்கம் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்ததும் அந்தத் தேர்வுக்குத் தயாராவது நல்லது.

*பிளஸ் ஒன் மாணவர், பூதப்பாண்டி: இந்தத் துறைக்கு வர இப்போதே என்ன செய்யலாம்?*

பிணவறைக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டாம், அனுமதியும் கிடையாது. நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்த இடம். போக்சோ போன்ற வழக்குகளில் மட்டும் வெளியே இருக்கச் சொல்வார்கள். லீவு நாளில் பெரியவர் ஒருவரோடு நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், கொலை வழக்கில் மருத்துவர் சாட்சி சொல்லும் நாளை விசாரித்துக்கொண்டு, பின் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். வக்கீல் எந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறார், மருத்துவர் எங்கே தடுமாறுகிறார் என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்து, தேங்காய் உரிக்கும்போது உங்கள் கையில் பட்ட கீறலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் வைத்து அளந்து, எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில், என்ன நிறத்தில் என்று நாலு வரி எழுதி, அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அவர் வரைந்த இடமும் உங்கள் கையில் இருக்கும் இடமும் ஒத்துவரும்வரை மறுபடி எழுதுங்கள்.